'பரவாயில்லை' என்ற பதில் போதுமா? மனநல சிகிச்சையில் முன்னேற்றத்தை அளந்து பார்ப்பது பற்றி ஒரு பாடம்



சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒருவரிடம் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "போன மாசம் 240 இருந்துச்சு, இப்ப 160" என்று எண்ணைச் சொல்வார். ரத்த அழுத்தக்காரரும் அப்படித்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து அளந்து பார்க்கிறார்கள். எண் ஏறினால் மருந்தை மாற்ற வேண்டும், இறங்கினால் இதே மருந்து போதும் என்பது படிக்காதவருக்கும் இன்று தெரிந்த விஷயம்.

ஆனால் மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரை மாதம் ஒருமுறை அழைத்துச் செல்லும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். போளூரிலிருந்தோ செங்கத்திலிருந்தோ காலையில் பஸ் ஏறி வந்து, சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, ஒருவழியாக உள்ளே போகிறார்கள். "எப்படி இருக்காங்க?" என்று மருத்துவர் கேட்கிறார். "பரவாயில்லை டாக்டர்" என்கிறார் கூட வந்தவர். "தூங்குறாங்களா?" "தூங்குறாங்க." அதே மாத்திரை இன்னும் ஒரு மாதத்துக்கு எழுதப்படுகிறது. வெளியே வந்த பிறகுதான், போன வாரம் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்ததைச் சொல்லவில்லையே என்று ஞாபகம் வருகிறது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர் கூட இல்லை. 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 100க்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு இருப்பது தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வராதவர்கள். வந்து சேர்ந்த சிலருக்காவது அந்தச் சிகிச்சை உண்மையில் பலன் தருகிறதா என்பதை எப்படி அறிவது? அதுவே இந்தப் பாடத்தின் பொருள்.

மனதை அளக்க முடியுமா?

மனதுக்குத் தராசு இல்லை. ஆனால் மனதின் பாரம் அன்றாட வாழ்க்கையில் காட்டும் அடையாளங்களை எண்ண முடியும். உலகெங்கும் அதிகம் பயன்படும் அளவுகோல்களில் ஒன்று பிஎச்க்யூ-9. 2001இல் வெளியான இந்தக் கேள்வித்தாள் மனச்சோர்வுக்கானது. இதற்குக் கட்டணம் இல்லை, தமிழிலும் உண்டு. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது விஷயங்களை அது கேட்கிறது: எதிலும் நாட்டமின்மை, மனவாட்டம், தூக்கம், அசதி, பசி, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், கவனம், உடல் இயக்கத்தில் மந்தம் அல்லது நிலைகொள்ளாமை, கடைசியாக, சாவைப் பற்றிய அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம்.

ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' என்றால் 0, 'சில நாட்கள்' என்றால் 1, 'பாதி நாட்களுக்கு மேல்' என்றால் 2, 'ஏறக்குறைய தினமும்' என்றால் 3. மொத்தம் 27. ஐந்திலிருந்து லேசானது, பத்திலிருந்து நடுத்தரம், பதினைந்திலிருந்து ஓரளவு கடுமை, இருபதிலிருந்து கடுமை. மருத்துவர் கேட்டு எழுத ஐந்து நிமிடம் போதும்.

இதன் முக்கியப் பயன் முதல் நாள் எண்ணில் இல்லை. அடுத்தடுத்து எடுக்கும் எண்களில்தான் இருக்கிறது. முதலில் 18 வாங்கியவர் ஆறு வாரத்தில் 9க்கு வந்தால் சிகிச்சை வேலை செய்கிறது. 17லேயே நின்றால், "இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்" என்பதைவிட மருந்தின் அளவையோ சிகிச்சை முறையையோ மறுபடி யோசிப்பது நல்லது. இப்படிச் சிகிச்சையின் போக்கைத் தவறாமல் அளந்து, அதை நோயாளியிடமே பகிர்ந்து, அதற்கேற்ப முடிவெடுப்பதைத்தான் 'முன்னேற்றக் கண்காணிப்பு' என்கிறார்கள்.

நம் வரலாற்றிலும் இந்த எண்ணம் புதிதல்ல. பாக்தாத் மருத்துவமனைக்குத் தலைமை வகித்த அல்-ராஸி (865–925) நோயாளிகளின் நிலையைக் குறிப்பாக எழுதி வைத்தவர். எந்த மருந்தைக் கொடுத்தேன், என்ன ஆனது என்று பதிந்த அந்தக் குறிப்புகளை அவர் மறைவுக்குப் பின் மாணவர்கள் தொகுத்தார்கள். அவர் காலத்தவரான அபூ ஸைத் அல்-பல்கி உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். உள்ளத்தின் நோயும் நோய்தான், அதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் அறிஞர்கள் ஏற்ற கருத்து.

அனுபவமுள்ள கண் போதாதா?

"இருபது வருஷமா பார்க்கிறேன். ஆள் உள்ளே வரும்போதே தெரிந்துவிடும்" என்று நல்ல மருத்துவர்கள் சொல்வதுண்டு. அந்த அனுபவம் பெரிய செல்வம்தான். ஆனால் ஒரு விஷயத்தில் அது சறுக்குகிறது: யார் மோசமாகிக்கொண்டிருக்கிறார் என்பதைக் கண்டுபிடிப்பதில்.

அமெரிக்காவில் மைக்கேல் லாம்பெர்ட் என்ற பேராசிரியரின் குழு 2005இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. மன ஆலோசகர்களிடம், "உங்களிடம் வருபவர்களில் யார் சிகிச்சை முடிவில் முன்பைவிட மோசமாக இருப்பார்?" என்று கேட்டார்கள். பொதுவாக 100க்கு 8 பேர் அப்படி ஆவதுண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மொத்தம் 550 பேர். ஆலோசகர்கள் மூன்றே பேரைத்தான் சுட்டிக்காட்டினார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். சுட்டிக்காட்டிய மூவரில் ஒருவர் மட்டுமே அந்த நாற்பதில் இருந்தார். மீதி 39 பேர் கண்ணெதிரே சரிந்தும் யாருடைய கணக்கிலும் வரவில்லை.

2012இல் வந்த இன்னொரு ஆய்வில், 129 மனநலப் பணியாளர்களிடம் தங்கள் திறமையைத் தாங்களே மதிப்பிடச் சொன்னார்கள். நான்கில் ஒருவர், தாம் மேலே உள்ள பத்து சதவீதத்தில் இருப்பதாகச் சொன்னார். 'நான் சராசரிக்குக் கீழே' என்று சொன்னவர் ஒருவர் கூட இல்லை. இது அவர்களுக்கு மட்டுமான குறை அல்ல. வாத்தியாரிடமோ, வண்டி ஓட்டுபவரிடமோ, சமையல்காரரிடமோ கேட்டாலும் ஏறக்குறைய இதே பதில்தான் வரும். ஒருவருக்கு உதவ மனம் வைத்து உழைக்கும்போது, அவர் தேறிவருகிறார் என்றே நம்பத் தோன்றும். எண் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் கருவி.

மருத்துவர்களின் எண்ணத்தையே அளந்தவர்கள்

இவ்வளவு தெரிந்தும் ஏன் இந்த அளவீடு எல்லா இடத்திலும் நடப்பதில்லை? இதை அறிய, ஆய்வாளர்கள் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். நோயாளியை அளப்பதற்குப் பதில், அளவீட்டைப் பற்றி மனநலப் பணியாளர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதையே அளந்தார்கள்.

ஒருவரின் மனப்பான்மையை எப்படி அளப்பது? 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அறிஞர் காட்டிய வழி இன்றும் நடைமுறையில் உள்ளது. சில வாக்கியங்களைக் கொடுத்து, 'முழுதும் ஏற்கிறேன்' முதல் 'சற்றும் ஏற்கவில்லை' வரை ஐந்து படிகளில் பதில் கேட்பார்கள். ஒரே ஒரு வாக்கியத்தை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். ஒரே எண்ணத்தைப் பல கோணங்களில் கேட்டு, எந்தப் பதில்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று கணக்கிட்டுத் தொகுதிகளாகப் பிரிப்பார்கள். பிறகு, அந்த மதிப்பெண் அவர்களின் நடைமுறையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். சொல்வதும் செய்வதும் பொருந்தாவிட்டால், அந்த அளவுகோல் எதை அளக்கிறது என்றே யோசிக்க வேண்டிவரும்.

அமெரிக்காவின் அமாண்டா ஜென்சன்-டாஸ், கிறிஸ்டின் ஹாலி என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் 1,442 பணியாளர்களிடம் இப்படிக் கேட்டார்கள். மூன்று விஷயங்கள் பிரிந்து தெரிந்தன: இந்தக் கேள்வித்தாள்கள் சொந்த அனுபவத்தைவிட அதிகமாக ஏதும் தருகின்றனவா, அவை நம்பத்தக்கவையா, நடைமுறைக்கு ஒத்துவருமா. இந்த மூன்றில், யார் உண்மையில் பயன்படுத்துகிறார் என்பதைத் தனித்துச் சொன்னது மூன்றாவது மட்டுமே. 'நல்லது' என்று நம்புவது போதவில்லை. 'என் வரிசையில், என் நேரத்துக்குள் செய்ய முடியும்' என்று தோன்றியவர்களே செய்தார்கள்.

2018இல் வெளியான அடுத்த ஆய்வில் முன்னேற்றக் கண்காணிப்புக்கென்றே 14 வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். பத்து வாக்கியங்கள் நன்மையைப் பற்றியவை, நான்கு தீங்கைப் பற்றியவை. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஒரே ஆள் ஒரே நேரத்தில் 'இது உதவும்' என்றும் நினைக்கலாம், 'இதனால் நோயாளிக்கும் எனக்குமான உறவு கெட்டுவிடுமோ' என்றும் அஞ்சலாம். இரண்டையும் ஒரே எண்ணில் கலந்தால் அந்த அச்சம் மறைந்துபோகும்.

504 பேர் பதில் சொன்னார்கள். பெரும்பாலோர் அளவீட்டை நல்லது என்றே மதித்தார்கள். ஆனால் மாதம் ஒருமுறையாவது முறையான அளவுகோலைப் பயன்படுத்தியவர்கள் 100க்கு 14 பேர்தான். ஒருபோதும் பயன்படுத்தாதவர்கள் 100க்கு 60க்கும் மேல். வசதியும் பயிற்சியும் நிறைந்த நாட்டிலேயே இந்த நிலை.

தயக்கத்துக்கு நியாயம் உண்டா?

உண்டு. அதைக் காது கொடுத்துக் கேட்பதும் இந்தப் பாடத்தின் பகுதிதான்.

நேரம் முதல் காரணம். வாசலில் நூறு பேர் நிற்கும்போது ஒருவருக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகக் கேட்டால் வரிசை நகராது.

மொழி இரண்டாவது. நம் ஊரில் வீட்டுக்குள் உருது பேசும் குடும்பங்கள் உண்டு, தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. 'மனச்சோர்வு' என்ற அச்சுச்சொல் ஒரு மூத்த தாயாருக்கு எதையும் சொல்லாமல் போகலாம். அவர் 'கப்ராஹட்' என்பார், 'நெஞ்சு படபடன்னு வருது' என்பார், 'உடம்பெல்லாம் எரியுது' என்பார். தாளில் அந்தச் சொல் இல்லாவிட்டால் அவருடைய துன்பம் 0 என்று பதிவாகிவிடும். ஆகவே கேள்வியைப் புரியும்படி எடுத்துக் கேட்கும் ஆள் வேண்டும்.

மூன்றாவது, எண்ணைக் கொண்டு மருத்துவரையே மதிப்பிடுவார்களோ என்ற அச்சம். மிகக் கடினமான நோயாளிகளை ஏற்றுக்கொள்பவரின் எண்கள் எப்போதும் மோசமாகத்தான் இருக்கும். அதை வைத்து அவரைக் குறை சொன்னால், நாளை அவர் அப்படிப்பட்டவர்களை ஏற்கத் தயங்குவார்.

நான்காவது, ஒரு மனிதரின் வேதனையை ஒரு எண்ணாகச் சுருக்குவதா என்ற கேள்வி. இதற்குப் பதில் அதே மருத்துவமனையிலேயே இருக்கிறது. லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் அதன் அளவைச் சோதிக்காமல் எந்த மருத்துவரும் தொடர்ந்து எழுதித் தருவதில்லை. அந்த எண் மனிதரைச் சுருக்கிவிடுவதில்லை, பாதுகாக்கிறது. கேள்வித்தாளின் எண்ணும் அப்படியே. உரையாடலை அது தொடங்கிவைக்கும். உரையாடலுக்குப் பதிலாக அது நிற்காது.

பலன் எவ்வளவு?

மிகைப்படுத்திச் சொல்வது சரியல்ல. கண்காணிப்பு முடிவுகளை ஆலோசகருக்குத் தெரிவித்த ஆய்வுகளில் 58ஐ ஒன்றுசேர்த்து 2021இல் கணக்கிட்டார்கள். சராசரிப் பலன் சிறியதுதான். ஆனால் சிகிச்சையை இடையில் விட்டுவிடுவோர் குறைந்தார்கள். எதிர்பார்த்தபடி தேறாமல் பின்தங்குபவர்களுக்கே இது கூடுதலாக உதவும் என்பது லாம்பெர்ட் குழுவின் அனுபவம். நன்றாகத் தேறுபவர் அளந்தாலும் தேறுவார், அளக்காவிட்டாலும் தேறுவார். சத்தமில்லாமல் சரிபவரைத் தாங்கிப் பிடிக்கவே அளவீடு.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கோவாவில் சங்காத் என்ற அமைப்பு, மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் மக்களையே பயிற்றுவித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்கு ஆலோசனை தர வைத்தது. கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேர் அந்த ஆய்வில் சேர்ந்தார்கள். ஆலோசகர்கள் ஒவ்வொரு சந்திப்பிலும் பிஎச்க்யூ-9 எண்ணைக் கேட்டுக் குறித்தே வேலை செய்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 100க்கு 64 பேர் மனச்சோர்வு நிலையைத் தாண்டியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 39. இந்தப் பலன் முழுவதும் அளந்ததால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆலோசனையின் பலன் அது. ஆனால் பெரிய பட்டம் இல்லாதவர்களாலும், கூட்டம் நிறைந்த அரசு சுகாதார நிலையத்திலும், ஒவ்வொரு முறையும் அளக்க முடியும் என்பதை அது காட்டியது.

சென்னையின் அனுபவம் இன்னும் பழையது. 1981இல் தொடங்கி, மனச்சிதைவு நோய் முதன்முறை வந்த 90 பேரை அங்குள்ள மருத்துவர்கள் பத்தாண்டு, இருபதாண்டு என்று விடாமல் தொடர்ந்து பார்த்து எழுதி வைத்தார்கள். இதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் டாக்டர் ஆர். தாரா. 1984இல் டாக்டர் சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பை வழிநடத்தியவர் அவர். 'இந்த நோய் வந்தால் வாழ்க்கை முடிந்தது' என்று பலரும் நம்பிய காலத்தில், பத்தாண்டு முடிவில் பெரும்பாலோர் அறிகுறிகள் அடங்கி இருப்பதை அந்தப் பதிவேடு காட்டியது. எழுதி வைத்ததால்தான் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைத்தது.

எழுதாமல், பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகி இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. குணமாகும் என்று நம்பிக் காத்திருந்த குடும்பங்கள் அவை. ஆனால் அங்கே இருந்தவர் போன மாதத்தைவிட இந்த மாதம் எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுத அங்கு யாரும் இல்லை. இன்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாதார் தர்காவிலும், பின்னர் ஏர்வாடியிலும் 'தவா-துஆ' என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் கைகோத்து நடக்கின்றன. ஓதிப் பார்க்க ஹஜ்ரத்திடம் போகும் குடும்பம் மருத்துவரை விட வேண்டியதில்லை, மருத்துவரிடம் போகும் குடும்பம் துஆவை விட வேண்டியதில்லை.

நமக்குள்ளும் ஒரு தயக்கம்

மருத்துவர்களுக்கு மட்டும் தயக்கம் இல்லை. 'எழுதி வைத்தால் யார் கையிலாவது சிக்கும், பெண்ணின் நிக்காஹ் பேச்சு நின்றுவிடும்' என்று நாமும் அஞ்சுகிறோம். சட்டம் இதில் நம் பக்கம். நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காப்பது மருத்துவமனையின் கடமை. தன் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மனநோயால் வரும் ஊனத்தின் சதவீதத்தைக் கணக்கிட நம் நாட்டில் 'ஐடியாஸ்' என்ற அளவுகோல் உள்ளது. தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என்ற நான்குக்கும் மதிப்பெண் போட்டு, நோயின் கால அளவையும் சேர்ப்பார்கள். 40 சதவீதத்தைத் தொட்டால் மாற்றுத்திறனாளிச் சான்று கிடைக்கும். அங்கே எண் உயர்ந்தால் உதவி வரும். ஆகவே சிகிச்சைக்குப் போகும்போதும் 'நல்லா இருக்காங்கன்னு சொன்னா சான்று போயிடுமோ' என்று சிலர் தயங்குகிறார்கள். சான்றுக்கான அளவீடு வேறு, சிகிச்சைக்கான அளவீடு வேறு. முதலாவதை நினைத்து இரண்டாவதில் மிகைப்படுத்திச் சொன்னால், தேவைக்கு மேல் மருந்து ஏறும். குறைத்துச் சொன்னால் மருந்து போதாமல் போகும். 'எண்ணை வைத்து என்னை மதிப்பிடுவார்களோ' என்ற மருத்துவரின் அச்சமும், 'எண்ணை வைத்து உதவியை நிறுத்துவார்களோ' என்ற நம் அச்சமும் ஒரே வேரிலிருந்து வருபவை. அளவீடு சிகிச்சைக்கு மட்டுமே என்ற நம்பிக்கை இருந்தால் இருவரும் உண்மையைச் சொல்வார்கள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது

குடும்பத்தின் பார்வை சிகிச்சையில் ஒரு பங்கு. வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் 1957இல் தொடங்கியதிலிருந்தே நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவதை வழக்கமாக வைத்திருக்கிறது. கூட இருப்பவருக்குத் தெரிவது வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் ஞாபகத்தை மட்டும் நம்பக் கூடாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வாரம் ஒரு நாள், ஜும்ஆ முடிந்த மாலை என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தே வரி எழுதுங்கள்.

1. தூக்கம்: இந்த வாரம் எத்தனை இரவு நன்றாகத் தூங்கினார்?
2. சாப்பாடு: எத்தனை வேளை தவறியது?
3. பழக்கம்: வீட்டாரோடு பேசினாரா, வெளியே போனாரா?
4. வேலை: குளிப்பது, தொழுவது, கடைக்குப் போவது, சமையலில் உதவுவது – எதைத் தானாகச் செய்தார்?
5. மாத்திரை: எத்தனை முறை விட்டுப்போனது? கை நடுக்கம், எடை கூடுதல், பகல் தூக்கம் போல ஏதாவது தொந்தரவு உண்டா?

மருத்துவரிடம் போகும்போது கடைசி நான்கு வாரத்தையும் ஒரு நிமிடத்தில் படித்துக் காட்டுங்கள். "பரவாயில்லை" என்பதற்குப் பதில், "முதல் வாரம் ஐந்து இரவு தூங்கினாங்க, போன வாரம் இரண்டு இரவுதான்" என்று சொல்லலாம். மருத்துவருக்கும் நேரம் மிச்சமாகும். "டாக்டர், போன முறைக்கும் இந்த முறைக்கும் முன்னேற்றம் இருக்கான்னு அளந்து பார்க்க ஏதாவது கேள்வித்தாள் இருக்குங்களா?" என்று பணிவாகக் கேட்பதிலும் தவறில்லை. நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு எங்கோ காட்டினாலும் இதைக் கேட்கலாம்.

சில எச்சரிக்கைகள்:

நோட்டை ஒளித்து எழுதாதீர்கள். சம்பந்தப்பட்டவரிடம் சொல்லி, முடிந்தால் அவரையே எழுத வையுங்கள். உளவு பார்ப்பதாக அவருக்குத் தோன்றினால் நம்பிக்கை உடையும். கோபம் வரும்போது "பாரு, போன வாரமும் இப்படித்தான்" என்று நோட்டைக் காட்டிச் சண்டை போடாதீர்கள்.

எண்ணைப் பார்த்து நாமே நோய்க்குப் பெயர் வைக்கவோ, மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. 'நாலு வாரமா நல்லா இருக்காரே' என்று மாத்திரையை நிறுத்துவதுதான் நோய் திரும்ப வருவதற்குப் பெரிய காரணம். நன்றாக இருப்பது மருந்து வேலை செய்வதன் அடையாளமாக இருக்கலாம்.

ரமளான் நோன்பு வருமுன் மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்பதை அவர் சொல்லட்டும். லித்தியம் சாப்பிடுபவர் நீர் குறையும்போது அதன் அளவு ரத்தத்தில் ஏறி ஆபத்தாகலாம். அவர்கள் கேட்காமல் நோன்பைத் தொடங்கவே வேண்டாம். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை ஹஜ்ரத்திடம் விளக்கமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

'செத்துப் போயிட்டா தேவலாம்', 'நான் உங்களுக்குப் பாரம்' என்ற பேச்சு வந்தால் வாரக் கடைசி வரை காத்திருக்காதீர்கள், அடுத்த மாதச் சீட்டுக்கும் காத்திருக்காதீர்கள். அன்றே அழைத்துச் செல்லுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்து, அதிகப்படி மாத்திரை போன்றவற்றை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.

குடும்பத்தோடு பேசிப் பார்க்க

1. நம் வீட்டில் அல்லது உறவில் ஒருவர் சிகிச்சையில் இருந்தால், போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை உறுதியாகச் சொல்ல முடியுமா? எதை வைத்துச் சொல்வோம்?

2. மருத்துவர் அளந்து பார்க்கத் தயங்குவதற்கான காரணங்களில் எது நியாயமானது? அதைக் குறைக்க நம்மால் என்ன செய்ய முடியும்?

3. மருத்துவரிடம் நாம் வழக்கமாகச் சொல்லாமல் விடுவது எது? ஏன்?

4. நம் மஹல்லாவில், கூட வர ஆள் இல்லாமல் சிகிச்சையை நிறுத்திவிட்டவர் யாராவது உண்டா? அடுத்த முறை அவரோடு யார் போவது?

நான்காவது கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தால், அவரை அழைத்துப் போகும் நாளையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்த ஒருவரின் நோட்டில் முதல் வரி அன்று எழுதப்படும்.